மாரத்தான் ஓடும் சாலையில் வெயில் யாருக்கு?

சென்னையின் பெரிய ஓட்டப் பந்தயங்கள் பலவும் சாந்தோம் வழியாகவே செல்கின்றன. நேப்பியர் பாலத்தருகே தொடங்கிக் காமராசர் சாலை, கலங்கரை விளக்கம், சாந்தோம் நெடுஞ்சாலை, பட்டினப்பாக்கம், அடையாறு பாலம், பெசன்ட் நகர் என்று கடலை ஒட்டி நீளும் பாதை அது. பந்தய நாளில் இருள் விலகுமுன்பே காவல்துறை தடுப்புகளை வைத்து வாகனங்களைத் திருப்பிவிடுகிறது. குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு முறை தண்ணீர் மேசை, உப்புச்சத்துக் கரைசல், வாழைப்பழம், பனிக்கட்டி, மருத்துவர், ஆம்புலன்ஸ் என எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஓட்டம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது, அதே சாலையில் சிதறிக் கிடக்கும் காகிதக் குவளைகளையும் பிளாஸ்டிக் புட்டிகளையும் பழத்தோல்களையும் தூய்மைப் பணியாளர்கள் கூட்டி அள்ளுகிறார்கள். அந்நேரத்திற்குள் தண்ணீர் மேசைகள் மடக்கப்பட்டுவிடுகின்றன. ஆம்புலன்சும் போய்விடுகிறது.

ஓடுவோர்மீது நமக்குப் பகை ஏதுமில்லை. உடலைப் பேணுவது நல்லது. ஒரு நாளேனும் சாலை வாகனங்களிடமிருந்து மனிதர்களிடம் வருவதும் நல்லதே. ஆனால், கடும் வெயிலில் மனித உடல் எவ்வளவு தாங்கும், எப்போது நிறுத்த வேண்டும், எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் இந்த நகரத்திற்கு மிக நன்றாகத் தெரியும் என்பதற்கு மாரத்தானே சான்று. தெரிந்த ஒன்றை யாருடைய உடலுக்குச் செய்கிறோம், யாருடைய உடலுக்கு மறுக்கிறோம் என்பதை இக்கட்டுரையில் பரிசீலிக்க விரும்புகிறோம்.

ஓட்டக்காரரின் உடலுக்கு உள்ள விதிகள்

வெப்பமான நாளில் மாரத்தான் நடத்துவது குறித்து உலகம் பட்டுத் தெரிந்துகொண்டது. 2007 அக்டோபர் 7 அன்று அமெரிக்காவின் சிகாகோ மாரத்தானில் வெப்பநிலை ஏறத்தாழ 31 டிகிரி செல்சியசைத் தொட்டது. 35,000-க்கும் மேற்பட்டோர் ஓடத் தொடங்கியிருந்தனர். பல இடங்களில் தண்ணீர் தீர்ந்துபோனது. நூற்றுக்கணக்கானோருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. தொடங்கிய சுமார் மூன்றரை மணி நேரத்தில் அமைப்பாளர்கள் பந்தயத்தையே நிறுத்தினார்கள். 2012-இல் பாஸ்டன் மாரத்தானுக்கு முந்தைய நாள்களில் கடும் வெயில் முன்னறிவிக்கப்பட்டபோது, பதிவு செய்தவர்கள் அவ்வாண்டு ஓடாமல் மறு ஆண்டு ஓடலாம் என்று சலுகை வழங்கப்பட்டது. 2019-இல் தோகாவில் நடந்த உலக தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தான் நள்ளிரவில் தொடங்கியது. அப்படியிருந்தும் 68 பேரில் 28 பேரால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் வெப்பத்திற்கு அஞ்சி சப்போரோ நகருக்கு மாற்றப்பட்டது. அங்கும் வெயில் கடுமையாக இருந்ததால், பெண்கள் ஓட்டம் முந்தைய நாள் இரவில் எடுத்த முடிவின்படி ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கப்பட்டது.

இம்முடிவுகளின் பின்னால் ஓர் அளவீடு இருக்கிறது. காற்றின் வெப்பநிலையை மட்டும் பாராமல் ஈரப்பதம், நேரடி வெயில், காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் 'ஈரக்குமிழ் கோள வெப்பநிலை' என்பதே அது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர, உடல் குளிராது. சென்னை போன்ற கடலோர நகரத்தில் 35 டிகிரி வெயில், வறண்ட உள்நாட்டு ஊரின் 40 டிகிரி வெயிலைவிடக் கொடியதாகக்கூடும் என்பதன் காரணம் இதுதான். இந்த அளவீட்டில் 28 டிகிரியைத் தாண்டினால் நெடுந்தொலைவு ஓட்டத்தைத் தள்ளிவைக்க அல்லது கைவிட வேண்டும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பரிந்துரைத்துள்ளது. சென்னையின் கோடையில் பகல் பொழுதின் பெரும்பகுதி இந்த எல்லைக்கு மேலேயே கழிகிறது. மருத்துவம் ஓடாதே என்று சொல்லும் அந்த மணி நேரங்களில்தான் இந்நகரின் குப்பை வண்டிகள் தள்ளப்படுகின்றன.

தமிழ்நாட்டு ஆட்சியாளர்களுக்கும் ஓட்டம் புதிதன்று. 2021-இல் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட மாரத்தான்களை ஓடியவர். 2023 ஆகஸ்டில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானில் 70,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்று அது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அதே ஆண்டு நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்கீழ் பெசன்ட் நகரில் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கப்பட்டது. உடல்நலத்தைக் குடிமக்களின் விருப்பச் செயலாக ஊக்குவிப்பதில் அரசு ஆர்வம் காட்டுகிறது. வேலையின் நிமித்தம் நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து, குனிந்து, சுமந்து, தள்ளும் உடல்களின் நலம் மட்டும் அந்த ஆர்வத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

மெரினா தந்த எச்சரிக்கை

சாந்தோமுக்குக் கூப்பிடு தொலைவில் 2024 அக்டோபர் 6 அன்று நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழாவையொட்டி மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சியைக் காணப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கூடினார்கள். நிகழ்ச்சி நடந்த நேரம் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை. நிழலில்லை, போதிய குடிநீரில்லை, வெளியேற வழியில்லை. ஐந்து பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி பெற்றனர். குடையும் தண்ணீரும் கொண்டுவருமாறு மக்களுக்கு முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்ததாக அரசுத் தரப்பு விளக்கமளித்தது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

அன்றைய வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டியே இருந்தது என்பது சட்டம் பயின்றவர்களாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய செய்தி. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் வரையறைப்படி, கடலோர நிலையமொன்றில் வெப்பநிலை குறைந்தது 37 டிகிரியாகவும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் அது 'வெப்ப அலை'. எனவே, ஐந்து உயிர்கள் போன அந்த நாள் அலுவல்ரீதியாக வெப்ப அலை நாளே அன்று. அதே அக்டோபர் மாத இறுதியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்போர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் வழங்கவும் வகை செய்தது. ஒன்றிய அரசின் பேரிடர்ப் பட்டியலில் வெப்ப அலை இடம்பெறாத நிலையில் இது வரவேற்கத்தக்க முன்னெடுப்பே. ஆனால், பேரிடரின் வாசல் 'வெப்ப அலை' என்ற சொல்லாக இருக்கும்வரை, 35 டிகிரியிலும் ஈரக் காற்றிலும் சுருண்டு விழும் கடலோரத் தொழிலாளி அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்படும் ஆபத்து இருக்கிறது.

சான்று சார்ந்த தடை இன்னொன்று. வெப்பத் தாக்கம் என்று மெய்ப்பிக்க, விழுந்தவுடன் உடலின் உள்வெப்பநிலை அளக்கப்பட்டிருக்க வேண்டும். மருத்துவக் குறிப்பில் அது பதிவாகியிருக்க வேண்டும். மாரத்தானில் விழும் ஓட்டக்காரருக்கு அருகிலேயே மருத்துவர் இருப்பதால் இது நடக்கும். குப்பை வண்டியருகே மயங்கி விழும் பெண்ணை உடன் வேலை செய்வோர் நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. இறந்தால் 'மாரடைப்பு' என்று எழுதப்படும். பிழைத்தால் அன்றைய கூலி பிடிக்கப்படும். வெயில் அந்தக் காகிதத்தில் எங்கும் இராது.

வெயிலில் நிற்பது யார்?

வெயில் எல்லோருக்கும் பொதுவானது என்பார்கள். வெயிலில் நின்றாக வேண்டிய கட்டாயம் எல்லோருக்கும் பொதுவானதன்று. கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தூய்மைப் பணியில் இருப்போர் குறித்து ஒன்றிய அரசு எடுத்த கணக்கெடுப்பின் விவரம் 2024-இல் வெளியானது. விவரம் பதிவான ஏறத்தாழ 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் அது 91.9 விழுக்காடு. தெருக் கூட்டும் பணியின் சாதிச் சேர்க்கையும் இதிலிருந்து பெரிதும் மாறுபட்டதில்லை என்பது சென்னையின் எந்த மண்டலத்திலும் வருகைப்பதிவு நேரத்தில் போய் நிற்பவருக்குத் தெரியும். தொழிலைப் பிறப்பால் பங்கிட்ட ஒரு சமூகத்தில் வெயிலும் பிறப்பால் பங்கிடப்படுகிறது.

இவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். காலை ஆறு மணியளவில் தொடங்கி நண்பகலைத் தாண்டி நீளும் பணி நேரத்தில், பயன்படுத்தத்தக்க கழிவறை கிடைக்காது என்பதாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஓட்டக்காரரிடம் தாகம் எடுக்குமுன்பே குடி என்று சொல்கிறது பயிற்சிக் கையேடு. இப்பெண்களிடம் தாகம் எடுத்தாலும் குடிக்காதே என்று சொல்கிறது நகரத்தின் அமைப்பு. பொதுக்குளத்தில் நீர் எடுக்கும் உரிமைக்காக 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் நடத்திய போராட்டத்திற்கு நூறாண்டு நிறையப்போகிறது. தண்ணீர் மேசை எங்கே, யாருக்காக வைக்கப்படுகிறது என்ற கேள்வி இன்றும் உரிமைக் கேள்வியாகவே நீடிக்கிறது.

வெப்பம் பெண்ணுடலில் விளைவிக்கும் தீங்குக்கு நம் ஊரிலேயே ஆய்வுச் சான்று உண்டு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களிடையே மேற்கொண்ட ஆய்வு, வெப்பமான சூழலில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் ஆபத்து இரு மடங்காவதைக் காட்டியது. வெப்பத்தின் கணக்கைத் தலைசுற்றலோடு முடித்துக்கொள்ள முடியாது. அது அடுத்த தலைமுறைவரை நீள்கிறது.

சாந்தோமின் லூப் சாலை இதற்கு இன்னொரு முகம். நொச்சிக்குப்பம் மீனவப் பெண்கள் தம் குடியிருப்பின் முன்னே வெயிலில் அமர்ந்து மீன் விற்றது போக்குவரத்துக்கு இடையூறு என்று 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மக்கள் சாலையில் அமர்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளுடன் கூரை வேய்ந்த அங்காடி திறக்கப்பட்டது. தலைமுறைகளாக வெயிலில் விற்றவர்களுக்கு வெயில் காரணமாக எவரும் நிழல் தரவில்லை. வாகனங்களுக்கு வழி தேவைப்பட்டபோதுதான் கூரை வந்தது. வந்த கூரையும் போராடியதால் வந்தது.

அனுமதியின் இரு அளவுகோல்கள்

மாரத்தானுக்குச் சாலையை மூடுவதும், போராட்டத்திற்கு இடம் மறுப்பதும் காவல்துறையின் அதே கையிலுள்ள அதிகாரங்கள்தாம். 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம், பிரிவு 41, கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல் ஆணையருக்கு வழங்குகிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் ரிப்பன் மாளிகை முன்பு அமர்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள்கள் நடைபாதையில் இருந்தார்கள். அனுமதிக்கப்படாத இடம் என்று உயர் நீதிமன்றம் அகற்ற உத்தரவிட்டதும், ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்கள் வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தப்பட்டார்கள். துணை நின்ற வழக்குரைஞர்களும் பிடிக்கப்பட்டனர். மறுநாள் அமைச்சரவை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. கேட்டது பணிப் பாதுகாப்பு. கிடைத்தது உணவுப் பொட்டலம். உணவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், சலுகையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது.

வெப்பத்திற்கும் தனியார்மயத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சாந்தோம் உள்ளிட்ட தென்சென்னைப் பகுதிகளின் தூய்மைப் பணி 2020 முதலே தனியார் வசம் இருக்கிறது. வேலை ஒப்பந்தக்காரரிடம் போனபின், வெயிலில் மயங்கி விழுந்தவருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மாநகராட்சி ஒப்பந்தக்காரரைக் காட்டும்; ஒப்பந்தக்காரர் மேற்பார்வையாளரைக் காட்டுவார். நடுப்பகலில் ஓய்வெடுத்தால் கூலி போய்விடுமோ, வேலையே போய்விடுமோ என்ற அச்சம் உள்ளவர் தம் உடல் கொடுக்கும் எச்சரிக்கையைக் கேட்க மாட்டார். முடியாதபோது நின்றுவிடலாம் என்ற உரிமை ஓட்டக்காரருக்கு உண்டு. அந்த உரிமைதான் உயிர் காக்கும் முதல் மருந்து. நிரந்தரப் பணி என்பது அந்த மருந்தைத் தொழிலாளியின் கையில் தருவது.

சட்டம் ஏற்கெனவே சொல்லியிருப்பது

புதிய கோட்பாடு எதையும் நாம் கேட்கவில்லை. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் தொழிலாளர்கள் சுரண்டப்பட்டதை எதிர்த்து மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் உறுப்பு 23 தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றும், ஒப்பந்தக்காரர் செய்யும் மீறலுக்கு முதன்மை வேலையளிப்பாளரான அரசு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. விளையாட்டு விழாவின் பளபளப்புக்குப் பின்னால் உழைப்பவரின் உரிமை மறைந்துவிடக் கூடாது என்பதே அவ்வழக்கின் சாரம். 1995-இல் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மைய வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் உறுப்பு 21 தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. 2024 மார்ச் 21 அன்று எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை உறுப்பு 14, 21 ஆகியவற்றில் அடங்கும் என்று ஏற்றது. இம்மூன்று தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் சாந்தோம் சாலையைக் கூட்டும் பெண்ணின் வழக்கு கிட்டத்தட்ட எழுதி முடிந்துவிடுகிறது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை நாம் பல காரணங்களுக்காக எதிர்க்கிறோம். ஆயினும் அதன் பிரிவு 23 வெப்பநிலை, ஈரப்பதம், குடிநீர் ஆகியவற்றை வேலையளிப்பாளரின் பொறுப்பில் வைக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இவ்வசதிகளை முதன்மை வேலையளிப்பாளரே தர வேண்டும் என்கிறது பிரிவு 53. நான்கு சுவர்களுக்குள் இருக்கும் ஆலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இச்சொற்களைத் தெருவுக்கும் பொருந்தும்படி விதிகளாக்கச் செய்வதே இப்போதைய போராட்டக் களம்.

முன்மாதிரிகளுக்கும் பஞ்சமில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் ஆண்டுதோறும் கோடையில் தொழிலாளர் துறை உத்தரவு பிறப்பித்து, வெயிலில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 முதல் 3 வரை ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போகும் கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. மேலே சொன்ன ஈரக்குமிழ் கோள அளவீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். புலம்பெயர் தொழிலாளர் மரணங்களுக்கு உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் வந்த விதி அது. தமிழ்நாடே 2021-இல் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிய மாநிலம். 2025-இல் செயலிவழி விநியோக ஊழியர்களுக்கென அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்த மாநகராட்சியும் இதுவே. முடியாது என்று சொல்ல இவர்களுக்கு இடமில்லை.

மாரத்தானின் அளவுகோலே போதும்

எனவே, நம் கோரிக்கை எளியது. ஒரு நாள் ஓடுபவருக்குச் செய்வதை நாள்தோறும் உழைப்பவருக்கும் செய்யுங்கள். பேரிடர் வரையறையில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்து, கடலோர மாவட்டங்களுக்கு ஈரக்குமிழ் கோள அளவீட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரையிலும், எல்லை தாண்டும் பிற நாள்களிலும், கூலி பிடித்தமின்றி நடுப்பகல் ஓய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் நிழலும் குடிநீரும் பெண்களுக்கான கழிவறையும் கொண்ட ஓய்விடம் அமைய வேண்டும். பணியில் மயங்கி விழுவோரின் உடல் வெப்பத்தை அளந்து பதிவு செய்வது அரசு மருத்துவமனைகளில் நடைமுறையாக வேண்டும். இவை யாவும் தூய்மைப் பணி ஒப்பந்தங்களின் கட்டாய நிபந்தனையாக எழுதப்பட்டு, மீறலுக்கு மாநகராட்சியே பதில் சொல்ல வேண்டும். பணி நிரந்தரம் இல்லாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது.

மாரத்தான் அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பந்தயத்திற்கு அனுமதி தரும்போதே, அதன்பின் தூய்மை செய்வோருக்கான தண்ணீரும் மருத்துவரும் நிழலும் கூடுதல் கூலியும் உறுதி செய்யப்பட வேண்டும் என்று காவல்துறையும் மாநகராட்சியும் நிபந்தனை விதிக்கலாம். கடைசி ஓட்டக்காரர் கோட்டைக் கடந்ததும் ஆம்புலன்ஸ் புறப்படக் கூடாது. கடைசிக் குவளை அள்ளப்படும்வரை அது நிற்க வேண்டும்.